மாமாவின் யாத்திரை வேனுக்குக் கதவு நிமிர்த்திய கதை

பழைய வண்டியின் கதவு சரியாக மூடவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் கை வைப்பது பூட்டில்தான். பூட்டின் நாக்கு போய் மாட்டுகிற எதிர்த்தகட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைப்பார்கள். இறக்க இடமில்லையென்றால் அதன் ஓட்டையை அரத்தால் ராவி விடுவார்கள். கதவும் மூடும், காசும் செலவாகாது, எல்லாருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் கதவு இன்னும் இறங்கியிருக்கும். மறுபடி ராவல். எங்கள் மாமாவின் வேன் கதவு, ராவுவதற்கு இரும்பே மிச்சமில்லை என்ற நிலைமையில்தான் முடிச்சூர் பக்கம் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. வரும்போது கதவைக் கேபிள் ஒயரால் கட்டியிருந்தார்கள்.

வேன், ஸ்டாண்டர்ட் 20. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இதை ரோட்டில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. பிரிட்டனில் 1958-ல் ஸ்டாண்டர்ட் அட்லஸ் என்று வந்த வேனின் வம்சம் இது. அங்கே பிறகு லேலண்ட் 20 என்று பெயர் மாறியது. 20 என்பது இருபது ஹண்ட்ரட்வெயிட், நம் கணக்கில் சுமார் ஒரு டன் பாரம். அவர்கள் ஊரில் அது நின்ற பிறகும் நம் ஊரில் செய்துகொண்டிருந்தார்கள். செய்த இடம் வேறெங்கும் இல்லை, பெருங்களத்தூர்.

மாமா இதை எண்பதுகளில் மூன்றாம் கையாக வாங்கினார். கேரவன் என்றால் இன்றைக்கு நமக்கு ஷூட்டிங்கில் நடிகர் ஏறி உட்காருகிற ஏசி பஸ்தான் ஞாபகம் வரும். மாமாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது, இது யாத்திரை வேன். இரண்டு பக்கமும் நீள சீட், நடுவில் பலகையைப் போட்டால் படுக்கை. பின்னால் தகரம் அடித்த சின்ன மேடை, அதில் ஸ்டவ். சீட்டுக்கு அடியில் தண்ணீர் டிரம், கூரைமேல் கேரியர். நவக்கிரகத் தலங்கள், திருச்செந்தூர், மந்திராலயம் என்று குடும்பத்தோடு போய், கோயில் வாசலில் வண்டியைப் போட்டு அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து எழுந்து வருவார்கள். அத்தைக்கும் பாட்டிக்கும் பின்பக்கமாக ஏறுவது சிரமமாக இருக்கிறது என்று இடதுபக்கத்தை வெட்டித் தனியாக ஒரு கதவு வைத்தார். கம்பெனிக் கதவு இல்லை, பாடி கட்டுகிறவர் போட்ட கதவு. எம்.எஸ். ஆங்கிளில் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், போதாததற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். கனம் என்றால் அப்படியொரு கனம். இதையெல்லாம் தாங்குவது இரண்டே இரண்டு கீல்.

பெருங்களத்தூர் என்றேனே, அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கிய கம்பெனி. வேன்கார்ட், ஸ்டாண்டர்ட் டென், 1961-லிருந்து ஹெரால்டு, 1972-ல் கெஸல் என்று வரிசையாகக் கார்கள். எண்பதுகளின் நடுவில் ஸ்டாண்டர்ட் 2000 என்று பெரிய கார் ஒன்று வந்தது. வெளியே ரோவரின் நவீன உடம்பு, உள்ளே வேன்கார்ட் காலத்து எஞ்சின். எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. ஜி.எஸ்.டி. ரோட்டில் இப்போது ஸ்ரீராம் கேட்வே கட்டடங்கள் நிற்கும் இடம்தான் அந்தத் தொழிற்சாலை இருந்த நிலம். தாம்பரம், வண்டலூர் சுற்றுவட்டாரத்தில் ஸ்டாண்டர்டில் வேலை பார்த்தவர் இல்லாத தெருவே ஒரு காலத்தில் கிடையாது.

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார், ஹெரால்டு லைனில் இருந்தவர். வேனைப் பார்த்ததும் வாக்கிங் கம்போடு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். கதவைப் பார்ப்பார் என்று நினைத்தேன். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"ஹெரால்டுல கதவு இறங்கிப்போச்சுன்னு வருவாங்க சார். நாங்க கதவைத் தொடவே மாட்டோம். கீழ சேசிஸ் கை துருப்புடிச்சுருக்கான்னுதான் பார்ப்போம்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஹெரால்டு காலத்திலேயே உலகத்தில் பல கார்கள் சேசிஸ், பாடி என்று தனித்தனியாக இல்லாமல் ஒரே கூடாக மாறிவிட்டன. ஹெரால்டிலோ பழைய முறைப்படி தனி சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு அது. போல்ட்டுக்கு அடியில் வைக்கிற ஷிம் தகடு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கதவின் இடைவெளி மாறும். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்துத் தொய்ந்தால் பாடி வளையும், கதவு சட்டத்தில் இடிக்கும். பழுது ஓரிடத்தில், தெரிவது கதவில். இந்த ஊரில் அறுபதுகளின் கடைசியில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தார்கள், பிரிட்டனில் கடைசி வரை இரண்டு கதவுதான். நான்கு கதவு என்றால் பார்க்க வேண்டிய இடைவெளிகளும் இரட்டிப்பு என்று சொல்லிச் சிரித்தார்.

எங்கள் வேனில் சேசிஸ் பழுதில்லை. அப்படியானால் எது? இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்து ஓரத்தை அடியில் பிடித்து மேலே தூக்கி விட வேண்டும். இன்னொருவர் கண்ணைக் கீலில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். கீலின் குழலுக்குள் பின் ஆடினால் பின் தேய்ந்திருக்கிறது. பின் ஆடாமல் கீல்தகடு தூணைவிட்டு விலகி விலகி ஒட்டினால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது தூணே உளுத்திருக்கிறது. இரண்டும் அசையாமல் கதவு மட்டும் நெளிந்தால் கதவின் சட்டத்தில் வெல்டிங் விட்டுப்போயிருக்கிறது. எங்களுக்கு முதலாவது தாராளமாகவும், இரண்டாவது மேல் கீலில் மட்டும் கொஞ்சமாகவும் இருந்தது.

மூடிய கதவைச் சுற்றி இடைவெளியைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். பின் தேய்ந்த கதவு நேராக இறங்காது, சாயும். கீல் பக்கத்தில் மேலே இடைவெளி அகலும், கீழே நெருங்கும். பூட்டுப் பக்கத்தில் இதற்கு நேர்மாறு. அப்படி இல்லாமல் மேல் விளிம்பில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே அளவாக இடைவெளி கூடியிருந்தால், கீலின் இரண்டு குழல்களும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் முகங்கள் தேய்ந்து கதவு நேராக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து வாஷர்தான், பின் இல்லை.

சாய்வில் ஒரு கணக்கு உண்டு. எங்கள் கதவில் கீல்களுக்கு நடுவே தூரம் 40 செ.மீ., கதவின் அகலம் 80 செ.மீ. மேல் கீலில் கதவு வெளியே இழுக்கப்படுகிறது, கீழ்க் கீலில் உள்ளே தள்ளப்படுகிறது. மேலே 1 மி.மீ. ஆட்டம், கீழே 1 மி.மீ. ஆட்டம் என்றால் கூட்டி 2. அகலம் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு என்பதால் பூட்டுப் பக்கம் இறங்குவது 4 மி.மீ. நகக்கண் அளவு தேய்மானம் பூட்டின் நாக்கையே தவறவிடுகிறது. பாடி கட்டியவர் கீல்களை இன்னும் விலக்கி வைத்திருந்தால், அல்லது நடுவில் மூன்றாவதாக ஒன்று போட்டிருந்தால், இத்தனை வருடம் ராவியிருக்க வேண்டாம். அவரைக் குறை சொல்லவில்லை, ஜன்னல் சட்டம் குறுக்கே வந்திருக்கும்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. கீலைத் தூணில் பிடித்திருந்தவை, தலை தகட்டுக்குள் பதிந்து உட்காரும் சி.எஸ்.கே. ஸ்க்ரூக்கள். பல வருடப் பெயின்ட் அதன் தலைக்குழியை அடைத்திருந்தது. முதலில் ஊசிமுனையால் பெயின்டைச் சுரண்டி எடுத்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தோம். சாதாரண ஸ்க்ரூ டிரைவரை வைத்து முறுக்கினால் தலை வழுக்கிவிடும், பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இதற்கென்றே சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது. அடிக்கும்போதே முனையை அழுத்தி ஒரு திருகு திருகும். பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கிற சந்தையில் ஒன்று கிடைத்தது. துருப்பிடித்த ஸ்பேனர் குவியல், ரேடியோ, தையல் மெஷின், புறா, செடி எல்லாவற்றையும் தாண்டி வந்தால் தரையில் சாக்கு விரித்து அந்தக் காலத்து நல்ல இரும்பை விற்கிறவர்கள் இருப்பார்கள். வெயிலுக்கு முன்னால் போவது நல்லது.

கழற்றுவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்தோம். கீல்தகட்டைச் சுற்றித் தூணில் கூர்முனையால் கோடு கிழித்தோம், பழைய இடம் எது என்று பின்னால் தெரிய வேண்டும். கதவின் ஓரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து, அதன்மேல் பலகையும் பழைய சைக்கிள் டியூபும் போட்டுக் கனத்தை ஏற்றிக்கொண்டோம். கனம் பின்மேல் இருக்கும்போது பின்னைத் தட்டினால் வராது. கனத்தை எடுத்துவிட்டால் லேசான அடியிலேயே நழுவும்.

மேல் கீலின் பின் கையில் வந்தபோது நன்றாகத் துடைத்துப் பார்த்தேன். 10 மி.மீ. கம்பி. இரண்டு முனையிலும் வெர்னியர் 9.9 காட்டியது. நடுவில், கதவுப் பக்கத்துக் குழல் உட்கார்ந்த இடத்தில், ஒரு பக்கம் மட்டும் பிறைபோலத் தேய்ந்து 9.2. மறுபக்கம் கம்பி புதுசு மாதிரி, பழைய கிரீஸ் கறுத்து ஒட்டிக்கொண்டு. கதவின் கனம் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதால் தேய்மானமும் ஒரே பக்கம். குழலின் ஓட்டையும் அப்படியே நீண்டிருந்தது. ஒரு வாக்கில் 10.1, குறுக்கே 10.8.

இதை எடுத்துக்கொண்டு இரும்புலியூர் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். ஸ்டாண்டர்டுக்கு ஸ்பேர் கிடைக்காது என்பதால் மட்டுமில்லை, இந்தக் கீலுக்குக் கம்பெனி என்று ஒன்று என்றைக்குமே கிடையாது. மேஸ்திரி பின்னை ஓரமாக வைத்துவிட்டுக் குழலைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பின்னு மட்டும் போதுமா?"

"அண்ணே, நீங்களே சொல்லுங்க."

"ஓட்டை கோழிமுட்டை மாதிரி இருக்கு. இதுல புதுப் பின்னைப் போட்டா தீபாவளிக்குள்ள திரும்பி வருவீங்க."

இரண்டு வழி இருந்தது. ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கி, அதற்கேற்ற தடித்த பின்னைப் போடுவது ஒன்று. வெளிநாட்டில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரிஜினலைவிடச் சற்றே தடித்த கீல் பின்கள் கடையிலேயே கிடைக்கின்றன. இரண்டாவது வழி, ஓட்டையை 12 மி.மீ.க்கு விட்டு, அதில் 10 மி.மீ. துளையுள்ள புஷ் ஒன்றை இறுக்கி ஏற்றுவது. வேலை அதிகம், ஆனால் அடுத்த தடவை தேயும்போது புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும், கீலின் இரும்பைத் தொட வேண்டாம். குழலின் சுவர் தடிமனாக இருந்ததால் இரண்டாவதைத்தான் எடுத்தோம். மேஸ்திரி கீலின் இரண்டு தகடுகளையும் சேர்த்துக் கவ்வி, ஒரே நேர்கோட்டில் டிரில் விட்டு ரீமரால் முடித்தார். தனித்தனியாகத் துளைத்தால் பின் உள்ளே போகும், கதவு திரும்பாது.

பின்னுக்கு இ.என். 8 எஃகு பிரைட் பார், புஷ்ஷுக்கு கன்மெட்டல் என்கிற வெண்கலம். எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் போட்டால் துருவே பிடிக்காதே என்று நானும் கேட்டேன். பின் துருப்பிடிக்காது, அதைச் சுற்றியிருக்கிற சாதா இரும்பு சீக்கிரம் பிடிக்கும் என்றார். சரிதான். இரண்டு வேறு உலோகம், நடுவில் ஈரம், அதிலும் கடல்காற்றின் உப்பு என்றால் மட்டமான உலோகம்தான் முதலில் கரையும். கன்மெட்டலும் வேறு உலோகம்தானே என்றால் ஆமாம்தான். அதனால்தான் உள்ளே எண்ணெய் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின் விஷயத்தில் மேஸ்திரி செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். தூணோடு இருக்கிற தகட்டின் குழலில் உட்காரும் பகுதிக்கு மட்டும் நர்லிங் போட்டு, கம்பியைச் சொரசொரப்பாக்கினார். தட்டி ஏற்றினால் அங்கே பின் அசையாமல் பிடித்துக்கொள்ளும். சுற்றுவது கதவுப் பக்கத்துப் புஷ்ஷில் மட்டும். பழைய பின் எந்தக் குழலிலும் இறுகாமல் தளர்வாக இருந்தது.  பின்னின் தலை மேலே, ஸ்பிளிட் பின் கீழே. தலைகீழாகப் போட்டால் ஸ்பிளிட் பின் ஒடிகிற அன்றைக்கு ரோட்டில் கதவு கிடக்கும்.

கிரீஸா எண்ணெயா என்று கேட்பவர்களுக்கு என் கட்சி எண்ணெய். வண்டலூர் அவுட்டர் ரிங் ரோட்டுத் தூசியில் வெளியே பிதுங்கிய கிரீஸ், தூசியோடு சேர்ந்து அரைக்கிற பசையாகிவிடும். மென்மையான கன்மெட்டலில் மணல் பதிந்துகொண்டால் தேய்வது புஷ் இல்லை, பின். ஃபோக்ஸ்வேகன்காரன் பீட்டிலின் கீலில் எண்ணெய் விட ஒரு துளை வைத்து, அதைச் சின்ன பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருந்தான். அதே மாதிரி குழலில் ஒரு பொடித் துளை போடச் சொல்லி, ரப்பர் துண்டால் அடைத்துவிட்டேன். ஆயில் கேனிலிருந்து சில சொட்டு, வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

இனி தூண். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வரதராஜபுரம் எப்படியிருந்தது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேனும் அதில் நின்றது. அடையாற்றுத் தண்ணீர் வடிந்த பிறகும் வேன் பாடியின் அடிச்சட்டத்துக்குள் சேறு இருந்திருக்கிறது. அடிச்சட்டம் உளுத்து, ஈரம் தூண் வழியாக மேலேறி, மேல் கீலின் ஸ்க்ரூக்கள் பிடிக்கிற உள்தகடு பிஸ்கட்டாகப் பொடிந்துவிட்டது. டிங்கர் வந்து பழையதை வெட்டி எடுத்து 3 மி.மீ. தகடு வைத்து வெல்டிங் செய்தார். யாத்திரை வேன்களில் வெல்டிங் வைப்பவர்கள் தயவுசெய்து உள்பக்கத்து பிளைவுட்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். வெயிலுக்காக உள்ளே அடைத்து வைத்த தெர்மகோல் எங்கே இருக்கிறது என்று கட்டியவருக்கே ஞாபகம் இருக்காது. ஸ்டவ், சிலிண்டர் எல்லாம் இறங்க வேண்டும், பேட்டரியின் ஒயரைக் கழற்ற வேண்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும்.

கதவை மாட்டுவதற்கு முன்னால் வாசலின் மூலைக்கு மூலை டேப் பிடித்தோம். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் வாசல் சதுரம் கெடவில்லை. எங்களுக்கு 6 மி.மீ. வித்தியாசம். வண்டியின் பக்கத்தை வெட்டிக் கதவு வைத்தால் அந்த இடத்தில் பாடி பலவீனமாகும், மேலே குறுக்குச் சட்டம் மெலிதாக இருந்தால் கூரைக் கேரியரின் கனத்துக்கு வாசலே சாயும். அதைவிட முக்கியமாக, இந்த அளவை எடுக்கும்போது நான்கு சக்கரமும் சமதரையில் இருக்க வேண்டும், வண்டியில் எப்போதும் இருக்கிற பாரமும் இருக்க வேண்டும். பாதி நிரம்பிய தண்ணீர் டிரம்மை ஏற்றி, மெத்தைகளைப் போட்டு, மறுபடி பிடித்ததில் 6 என்பது 4 ஆயிற்று. ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவை அலைன் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இறக்கியதும் கதவு இடிக்கும்.

மிச்சமிருந்த 4-ஐ நிமிர்த்த வேண்டாம் என்று விட்டோம். பழைய பாடி அந்த வாகில் பழகி நிற்கிறது. கட்டாயப்படுத்தி இழுத்தால் ஜன்னல் கண்ணாடிதான் விலை கொடுக்கும். அந்த வித்தியாசத்தைக் கதவின் இடைவெளியிலேயே பிரித்துப் போட்டோம். ஸ்க்ரூக்களைக் கைமுறுக்கில் நிறுத்தி, கதவைச் சுற்றி 5 மி.மீ. அட்டைத் துண்டுகளைச் செருகி, ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, கண்ணுக்கு நேராக வந்ததும் மேல் கீலை முதலில் முறுக்கினோம், பிறகு கீழ்க் கீல். மேல் கீலின் பின்னால் ஒரு மெல்லிய ஷிம் தேவைப்பட்டது.

எல்லாம் முடிந்த பிறகுதான் பூட்டின் எதிர்த்தகடு. ராவி ராவி வாய் பிளந்திருந்த பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப்பேட்டையில் வாங்கிய வேறு வண்டித் தகட்டை வைத்தோம். நாக்கில் கொஞ்சம் நீலம் தடவிக் கதவை மெதுவாக மூடித் திறந்தால் எங்கே படுகிறது என்று அச்சு விழும், அந்த இடத்தின் நடுவில் தகட்டை நிறுத்தினோம். ஒரு விரலால் தள்ள, 'டக்'கென்று மூடியது. பீடிங் ரப்பர் போட்டதும் மறுபடி முரண்டு பிடித்தது. புது ரப்பர் தடிமன், கதவை வெளியே தள்ளுகிறது. இதற்காகத் தகட்டை நகர்த்தாதீர்கள். கதவை மூடியே வைத்து ஒரு வாரம் வெயிலில் விட்டால் ரப்பர் அமுங்கி வழிக்கு வரும், வந்தது.

மாமா வந்து பார்த்தார். கதவைத் திறந்தார், மூடினார், ஒன்றும் சொல்லவில்லை. வேறு விஷயத்தை எடுத்தார்.

"மாப்ளே, அம்பது வருஷம் ஆன வண்டிக்கு வின்டேஜ் நம்பர் குடுக்கறாங்களாமே?"

கொடுக்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடம் கடந்த இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்தோடு தனி வரிசை எண். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் வண்டி ஒரிஜினல் உருவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. பக்கத்தை வெட்டிக் கதவு வைத்த வேனை எந்த அதிகாரி ஒரிஜினல் என்பார்? இன்னொன்று, அந்த எண் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம்.

"அப்போ திருநள்ளாறு போவக் கூடாதா?"

"கூடாது மாமா."

"அப்ப பழைய நம்பரே இருக்கட்டும். ஆர்.சி. எப்ப முடியுது பாரு."

பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பிரேக்கும் விளக்கும் பார்ப்பார்கள். இடதுபக்க இண்டிகேட்டர் எரியவில்லை. ஒயரிங் கதவுத் தூண் வழியாகத்தான் போகிறது, டிங்கர் வெல்டிங் வைத்த அதே இடத்தில். அடுத்த பதிவு அனேகமாக அதைப் பற்றித்தான்.